உயிரோடிருந்த ஜனாதிபதிக்கு நோர்பரியில் செத்த வீடு

வாசலில் சப்பாத்துகள் வரிசையாக நின்றன. எங்கள் சனம் விருந்துக்கு வந்தால் சப்பாத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். செத்த வீட்டில்தான் அவை இப்படி ஒழுங்கு காட்டும்.

கதவைத் தள்ளினேன். முன் அறையில், சுவரோரம் போட்ட கதிரைகளில் எங்கள் ஆட்கள் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. குசினியிலிருந்து வடை வாசம் வந்தது. ஆனால் வடை பொரிகிற சத்தம் இல்லை. நடுவில் குத்துவிளக்கு எரிந்தது. அதற்கு நேர் மேலே, பொன்னிறச் சட்டத்துக்குள் ஒரு தொப்பிக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கார்னேஷன் மாலை.

தொப்பிக்காரர் ஒரு தீவு நாட்டின் ஜனாதிபதி. எங்களுக்குத் தெரிந்தவரை அவர் அன்று காலையிலும் நல்ல சுகத்தோடுதான் இருந்தார்.

எனக்குப் பின்னால், கோட்டின் பொத்தானைப் போட்டபடி படியேறிக்கொண்டிருந்தவர், அவருடைய வெளிநாட்டமைச்சர்.

சம்பளமில்லாத கொன்சல்

போன கிழமை இந்தப் பத்தியில் நான் வான் வண்டி வாங்கிய கதையை எழுதியதும், கிறொய்டனிலிருந்து ஒரு வாசகி, "அந்த வானில் ஒரு நாட்டுக் கொடி பறந்ததென்று எங்கள் அப்பா சொல்லுவாரே, உண்மையா?" என்று கேட்டிருந்தார். உண்மை, பிள்ளை. பறந்தது. அதை இழுத்துக் கட்டினவனும் நான்தான்.

எண்பதுகளின் நடுவில் நான் நோர்பரியில் திருவாளர் குணசிங்கத்தின் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர். படிக்க வந்து, கணக்காளராகி, லண்டனிலேயே தங்கிவிட்டார். படித்த காலத்தில் அவருடைய அறைத்தோழன் ஒரு தீவுக்காரன். குணசிங்கம் அவனுக்கு இரண்டு வருடம் சோறும் நெத்தலிச் சம்பலும் போட்டிருக்கிறார்.

தீவுக்குச் சுதந்திரம் கிடைத்தது. அறைத்தோழன் அமைச்சரானான். லண்டனில் தூதரகம் திறக்க வசதியில்லாத புதிய நாடு, ஒரு கௌரவ கொன்சலைத் தேடியது. சம்பளம் கிடையாது, கௌரவம் மட்டும். சம்பலின் நன்றியில் பதவி குணசிங்கத்துக்கு வந்தது.

நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். வாசித்துவிட்டு வருத்தப்படக் கூடாது. அதன் கொடியில் ஒரு தென்னை மரம் இருந்ததால் எங்கள் ஆட்கள் 'தேங்காய்த் தேசம்' என்றார்கள். அவரைக் 'கொன்சல் அண்ணை' என்றார்கள்.

நான் கொன்சலின் உதவியாளன். சம்பளமில்லாதவருக்குச் சம்பளமில்லாத உதவியாளன். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. என்னுடைய அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. எனக்கென்று ஒரு நாடு உண்டா இல்லையா என்று ஒரு அரசாங்கக் கந்தோரில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், நான் கண்ணாலும் கண்டிராத ஒரு நாட்டின் கொடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

"விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்" என்றா பூமணி அக்கா. அவ தோர்ண்டன் ஹீத்தில் இருந்தவ. தென்லண்டனில் கல்யாணமா, சாமத்தியச் சடங்கா, அந்தியேட்டியா, பெரிய சமையல் கிடாரமும் பெரிய வாயும் அவவிடம்தான் இரவல் வாங்க வேண்டும். "விளக்குமாறு ஆர், குஞ்சம் ஆர் எண்டு மட்டும் கேக்காதை, தம்பி."

அரசாங்கம் அனுப்பிய உதவிகள்

புதிய நாடு தன் கொன்சலுக்கு என்ன அனுப்பும்? குணசிங்கம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: முத்திரை. பித்தளை முத்திரை குத்தினால்தான் கொன்சல் எழுதும் பத்திரம் பத்திரம். இல்லாவிட்டால் அது நோர்பரிக்காரர் ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதிய கடிதம்.

முதல் தரம் கேட்டார். ஜனாதிபதியின் படம் வந்தது. ஆளுயரத்துக்கு அரைவாசி. அதை மாட்ட முன் அறையின் கண்ணாடி அலுமாரி இடம்பெயர்ந்தது.

இரண்டாம் தரம் கேட்டார். கொடி வந்தது. பாராளுமன்றக் கூரைக்கு அளவெடுத்துத் தைத்த கொடி. கம்பம் நடக் கவுன்சில் அனுமதிக்கவில்லை. அதனால் தேசிய தினங்களில் அதை என் ஜன்னலிலிருந்து தொங்கவிட்டோம். அந்த நாட்களில் என் அறைக்குள் பகலிலும் லைட் போட வேண்டும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி, "உங்கள் படுக்கை விரிப்பு மிக அழகு" என்று பாராட்டினா.

மூன்றாம் தரம் தேசிய கீதம் வந்தது, கசெட்டில். யாரோ வெளியில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கீதத்தின் நடுவில் ஒரு சேவல் கூவும். அதுவும் கீதத்தில் சேர்த்தியோ என்று எங்களுக்குத் தெரியாததால், சேவலுக்கும் அசையாமல் நிற்போம்.

முத்திரை மட்டும் வரவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. அறைத்தோழன் எதிர்க்கட்சிக்குத் தாவியிருந்தான். புதிய வெளிநாட்டமைச்சருக்கு, பழையவன் வைத்த ஆளின் கையில் முத்திரையைக் கொடுக்க மனமில்லை.

"என்னாங்க செய்றது," என்பார் குணசிங்கம். "மருமகன் வேணாம்னு சொல்லல. தாலிய மட்டும் குடுக்க மாட்டேங்கறாங்க."

சோலோவின் இருமல்

முத்திரை இல்லாதது சிரிப்பாகவே இருந்தது, சோலோ வரும்வரை.

சோலோ ஒரு கப்பல் சமையல்காரன். தேங்காய்த் தேசத்து ஆள், அறுபதைத் தொட்டவன். லண்டனுக்குக் கப்பல் வந்தபோது நெஞ்சுச் சளி முற்றி அவனை ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். கப்பல் போய்விட்டது. அவனை அவன்தான் என்று காட்டும் கடலோடிப் புத்தகமும் கப்பலோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கொன்சலுக்குப் போன் வந்தது. "உங்கள் குடிமகன் ஒருவர் எங்களிடம் இருக்கிறார்." குணசிங்கம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. முதல் பிள்ளை பிறந்த செய்தி கேட்டவருடைய முகம். "எனக்கு ஒரு குடிமகன் வந்திருக்காரு லா," என்றார்.

கிழக்கு லண்டனில் கடலோடிகள் விடுதியொன்றில் சோலோவைத் தங்கவைத்தார்கள். ஞாயிறுகளில் நான் வானில் போய் அவனைக் கூட்டிவருவேன். வருகிற வழியில் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தமிழ்க் கடையில் நிறுத்துவோம். சோலோ ஒவ்வொரு தேங்காயையும் காதோடு வைத்துக் குலுக்கி, டொக்டர் மாதிரி யோசித்து, ஒன்றை எடுப்பான். பிறகு நோர்பரிக் குசினியில் தேங்காய்ப் பாலில் மீன் சமைப்பான். பூமணி அக்காவுக்கும் அவனுக்கும் பொது மொழி கிடையாது. இருவரும் ஒரே அடுப்பில் நின்று, ஒருவர் சட்டிக்குள் மற்றவர் உப்புப் போட்டுச் சண்டை பிடிப்பார்கள்.

சமைக்கும்போதும் இருமுவான். குனிந்து, மேசையைப் பிடித்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை. இன்னொரு லண்டன் குளிர்காலத்தை இந்த நெஞ்சு தாங்காது என்று டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கப்பல் கம்பனி விமானச் சீட்டைத் தயாராக வைத்திருந்தது. பயணப் பத்திரம் ஒன்றுதான் வேண்டும். அதை எழுதக்கூடிய ஒரே ஆள் குணசிங்கம். குத்துவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. குணசிங்கம் தீவுக்குத் தந்திக்கு மேல் தந்தி அடித்தார். கடைசியில் பதில் வந்தது. வெளிநாட்டமைச்சர் ஏதோ மாநாட்டுக்கு லண்டன் வருகிறார். கொன்சல் அலுவலகம் தேவையா, மூடிவிடலாமா என்று நேரில் பார்ப்பார்.

ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. இந்த மணியோசையில் சாவு மணிதான் கேட்டது.

இரண்டு நிமிட மாலை

"வாற மனுசனை எங்கட முறையிலை வரவேப்பம்," என்றா பூமணி அக்கா. "வயிறு நிறைஞ்சால் ஆரும் கடையைப் பூட்டச் சொல்லான்."

எங்கள் முறை என்றால் நிறைகுடம், குத்துவிளக்கு, மாலை, வடை, கூட்டம். இந்தக் கொன்சலுக்குச் செல்வாக்கு உண்டு என்று காட்ட ஒரு இருபது பேரையாவது வரச் சொன்னோம். எல்லோருக்கும் போனில் ஒரே செய்தி: "கொன்சல் அண்ணை வீட்டை பின்னேரம் வாங்கோ, நல்ல உடுப்போடை." ஏன் என்று சொல்ல யாருக்கும் நேரமிருக்கவில்லை.

அறை சிறியது. மேசை முழுக்க வடைத் தட்டுகள். குத்துவிளக்குக்கும் நிறைகுடத்துக்கும் கிடைத்த ஒரே இடம் ஜனாதிபதி படத்துக்குக் கீழே. அமைச்சரின் கழுத்துக்கென்று பூமணி அக்கா இரவிரவாகக் கட்டிய கார்னேஷன் மாலையை எங்கே வைப்பது? கதிரையில் வைத்தால் யாராவது அதன்மேல் இருப்பார்கள். குணசிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் இங்க இருக்கட்டும்," என்று படச்சட்டத்தில் கொழுவினார். அமைச்சரின் விமானம் முன்கூட்டியே இறங்கிவிட்டதென்று அப்போதுதான் போன் வந்தது. அவரும் நானும் வானுக்கு ஓடினோம்.

வீட்டில் மிஞ்சியது குசினியில் பூமணி அக்கா, முன் அறையில் காஸ் ஹீட்டருக்குப் பக்கத்தில் சோலோ.

முதலில் வந்தவர் மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். லண்டனில் எல்லாச் செத்த வீட்டிலும் பதிகம் படிப்பவர். உள்ளே எட்டிப் பார்த்தார். மாலை போட்ட படம், எரிகிற விளக்கு, மூலையில் தலை குனிந்து இருமும் தீவுக்காரன். மாஸ்டர் சப்பாத்தைக் கழற்றி நேராக வைத்தார். அடுத்து வந்தவர்கள் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்கள். அதற்குமேல் யாருக்கு விளக்கம் வேண்டும்?

குசினிக்குள் ஒருத்தி ஓடிப்போனாளாம். "அக்கா, உங்களுக்கு விசரே? செத்த வீட்டிலை ஆர் எண்ணெய்ச் சட்டி வைக்கிறது?"

"ஐயோ, ஆரடி செத்தது?"

"உந்தக் கொன்சல் அண்ணையின்ரை சனாதிபதி."

பூமணி அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, விவரம் கேட்போம் என்று முன் அறைக்கு வரும்போதுதான் நான் கதவைத் தள்ளினேன்.

அமைச்சரின் துக்கம்

மாஸ்டர் எழுந்து வந்து அமைச்சரின் இரு கைகளையும் பிடித்தார். தம் நல்ல ஆங்கிலத்தில், "உங்கள் நாட்டுக்கு நேர்ந்த இழப்புக்காக மிகவும் வருந்துகிறோம்," என்றார்.

அமைச்சர் படத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். இரண்டு நாளாக விமானத்தில் இருந்த மனிதர். "எப்போது?" என்றார்.

"நாங்களும் இப்போதுதான் கேள்விப்பட்டோம்," என்றார் மாஸ்டர். அதில் பொய்யே இல்லை.

அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்து ஒரு ஓலம் எழுந்தது. சோலோ. மார்பில் அடித்துக்கொண்டு, அவர்கள் தீவின் ஒப்பாரியைத் தொடங்கினான். சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒப்பாரிக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? எங்கள் பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். அமைச்சர் கதிரையில் விழுந்தார். நாங்கள் விமான நிலையத்துக்குப் போயிருந்த நேரம் செய்தி வந்திருக்குமென்றே குணசிங்கமும் நானும் நினைத்தோம்.

போன் வேண்டுமென்றார். எடுத்தோம். அந்த நாட்களில் தீவின் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் பொழுதுபட்டால் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவா. எங்களுக்குப் பின்னேரம், அவவுக்கு நடுச்சாமம். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

அமைச்சர் கேட்டபடி தேசிய கீதம் போட்டோம். எல்லோரும் நின்றோம். சேவல் கூவியது. நின்றோம்.

கீதம் முடிய, அமைச்சரின் முகத்தில் ஒரு மாற்றம். அழுதது பொய்யில்லை, ஆனால் துக்கம் வந்த வாசலாலேயே இன்னொன்றும் உள்ளே வந்திருந்தது. கழுத்துப் பட்டியை நேராக்கினார். "நாடு தகப்பனில்லாமல் நிற்கிறது," என்றார். "யாராவது பொறுப்பேற்கத்தான் வேண்டும்." சிறிது நேரம் கழித்துக் குணசிங்கத்திடம் தணிந்த குரலில், "பிரிட்டிஷ் அரசு யாரை அங்கீகரிக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்றார். பிறகு படத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "இந்தச் சட்டம், கழற்றிப் படம் மாற்றக்கூடியதுதானா?"

குணசிங்கம் வாயைத் திறக்குமுன் அமைச்சர் தம் பெட்டியைத் திறந்தார். உள்ளே, வெல்வெட் துணியில், பித்தளை முத்திரை. அதுவரை அது அவர் கையில்தான் இருந்திருக்கிறது. "லண்டனில் எனக்கு நம்பிக்கையான ஒருவர் வேண்டும்," என்று அதைக் குணசிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

மெதுவாக ஒரு உண்மை

பூமணி அக்கா குணசிங்கத்தைக் குசினிக்குள் இழுத்தா. நானும் போனேன்.

"அண்ணை, ஒருத்தரும் சாகேல்லை. நீங்கள் கொழுவின மாலைதான் அந்த மனுசனைச் சாகடிச்சது."

குணசிங்கம் தலையில் கை வைத்தார். "ஐயோ! நான் போய் சொல்லிடறேன். இப்பவே சொல்லணும்."

"சொல்லுங்கோ. சோலோவின்ரை பேப்பரிலை குத்திப்போட்டுச் சொல்லுங்கோ."

"நான் கணக்காளன், பூமணி. என் வாழ்க்கையில பொய்க் கணக்கு எழுதினதில்ல."

"ஆர் உங்களைப் பொய் சொல்லச் சொன்னது? உண்மையைக் கொஞ்சம் மெதுவாய்ச் சொல்லுங்கோ எண்டுதான் சொல்லுறன்."

முன் அறையில் சோலோ இருமத் தொடங்கினான். இது ஒப்பாரி இல்லை, உண்மையான இருமல். கதிரையின் கையைப் பிடித்து, குனிந்து, முடியவே முடியாததுபோல. குணசிங்கம் கதவிடுக்கால் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம் ஒரே குடிமகனை.

அலுமாரியில் பல நாளாக எழுதி வைத்திருந்த பயணப் பத்திரத்தை எடுத்தார். வடைத் தட்டை ஒதுக்கி மேசையில் விரித்தார். குத்தினார். தென்னை மரம் தெளிவாக விழுந்தது. மை காயும்வரை ஊதினார். தேவைக்கு மேலேயே ஊதினார். மடித்துச் சோலோவின் கையில் கொடுத்தார்.

பிறகுதான் அமைச்சரின் முன் போய் நின்றார். "ஐயா, எனக்குத் தெரிந்தவரை ஜனாதிபதி நலமாக இருக்கிறார். அந்த மாலை உங்களுக்காகக் கட்டியது."

அறைக்குள் குத்துவிளக்கின் திரி பொரிகிற சத்தம் கேட்டது. மாஸ்டர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப, அந்த வடையைக் கொண்டாங்கோ."

அமைச்சர் குணசிங்கத்தின் கையைப் பார்த்தார். முத்திரையைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் ஏன் கொடுத்தேன் என்று ஊரில் சொல்ல வேண்டி வரும். "நான் சற்றுமுன் சில வார்த்தைகள் சொன்னேன்," என்றார் கடைசியில்.

"துக்க வீட்டில் பேசினதை வெளியில் கொண்டு போவது எங்கள் வழக்கமில்லை, ஐயா," என்றார் குணசிங்கம்.

நானறிய அந்த மனிதர் சொன்ன ஒரே பொய் அதுதான். அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் கிடையாது. எங்கள் கதைகளில் பாதி செத்த வீட்டில் பிறந்தவை.

மாலையைக் கழற்றி அமைச்சரின் கழுத்தில் போட்டோம். ஜனாதிபதிக்குப் போட்ட மாலையை வாங்கிக்கொண்டு அவர் நாலு வடை சாப்பிட்டார்.

குறைவில்லாத ஆதரவு

அதற்குப் பிறகு அரசாங்க உதவிக்குக் குறைவே இல்லை. கேளாமலே டைப்ரைட்டர் வந்தது. பித்தளைப் பெயர்ப்பலகை வந்தது. நத்தார்ப் பண்டிகைக்குச் சிப்பி மாலைகள் வந்தன. நம்பிக்கையில் வராத ஆதரவு பயத்தில் வந்தது. மூடுவதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

தொண்ணூறுகளில் ஒருநாள் ஜனாதிபதி உண்மையாகவே செத்துப்போனார். குணசிங்கம் விளக்கேற்றி, மாலை போட்டு, முறைப்படி எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார். மாஸ்டர் வரவில்லை. "அந்தாளுக்கு நான் ஒருக்கால் படிச்சிட்டன்," என்றாராம். "ரெண்டாந்தரம் படிக்க அவர் எனக்கு என்ன மச்சானே?"

அடுத்த மாதம் புதிய ஜனாதிபதியின் படம் வந்தது. எங்கள் அமைச்சரேதான். சட்டம் கழற்றிப் படம் மாற்றக்கூடியதுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. அந்தப் பின்னேரத்துக்கு அடுத்த வாரம் சோலோவை ஹீத்ரோவுக்குக் கொண்டுபோனேன். வானில் சின்னதாக ஒரு கொடி கட்டியிருந்தேன். குடிமகன் ஊர் போகிறான் அல்லவா. பூமணி அக்கா கொடுத்த மிளகாய்த்தூள் பொதியை மடியில் வைத்திருந்தான். பத்திரத்தைச் சட்டைப்பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

வாசலில் இறங்கியபோது, நெடுநாள் மனதில் இருந்ததைக் கேட்டேன். "சோலோ, மாலையைக் குணசிங்கம் கொழுவினபோது நீ அங்கேதானே இருந்தாய்? ஒருவரும் சாகவில்லை என்று உனக்குத் தெரியும். பிறகு ஏன் அப்படி ஓலமிட்டு அழுதாய்?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமி முடித்து, மிளகாய்த்தூளை அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு சொன்னான்:

"நான் சமையல்காரன். அடுப்பு தானாகப் பற்றினால் நான் அணைக்க மாட்டேன். ஊதிவிடுவேன்."